சூடு தணிந்த தட்டு

ஐப்பசி 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். முழங்கால் வலி ஜாஸ்தி. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் மேரி எழுதுகிறாள். யாரிடமும் காட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கியாயிற்று.

அடைக்கு ஊறவைத்த ஜவ்வரிசி ஒன்று காய்ந்த தோசைக்கல்லில் விழுந்தது. ஒட்டவில்லை. கீச்சுகீச்சென்று துள்ளியது.

"மாமா, இன்னாமா குதிக்குது பாருங்க! மொளகா கடிச்ச மாதிரி."

"அதோட ஈரம் ஆவியாயி, அது மேலயே மெதக்குதும்மா. கல்லத் தொடல." ஜவ்வரிசி ஆலையில் முப்பது வருசம் வறுத்தவன் நான்.

அடுப்பைக் குறைத்தாள். அடுத்தது விழுந்ததும் ஒட்டிக் கருகியது.

"சூடு கம்மியானாதான் சுடுது போல!"

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஐப்பசி 9, புதன்

மழை இல்லை. கண் சொட்டுமருந்து தீர்ந்துவிட்டது.

சின்னசேலத்து ஆலை, ஜவ்வரிசி வறுக்கும் மூன்றாம் தட்டு. அப்படியே கண்ணில். ஈரக் கையைக் கொதிக்கும் தட்டில் ஒரு வீச்சு வீசி எடுப்பேன். சுடாது. கூலிப் பெண்கள் கைதட்டுவார்கள். தம்பி சூசைக்கும் ஆசை. பதினெட்டு வயது.

"நானும் செய்றண்ணே."

அவனுக்குச் சுட்டுவிடக் கூடாதே என்று, அவன் பார்க்காதபோது இரண்டு விறகை வெளியே இழுத்தேன். தட்டு தணிந்தது. அவனும் ஈரக் கையை வீசினான். தோல் தட்டோடு போயிற்று.

இதைச் சொன்னதும் மேரி எழுதுவதை நிறுத்தினாள். எழுது என்றேன்.

"வேணும்னே வெறகு போட்டான்" என்று ஊரெல்லாம் சொன்னான் சூசை. இழுத்தவனைப் போட்டவன் என்கிறானே என்று ரோஷம். பதில் சொல்லவில்லை. நாற்பத்தொரு வருசம் பேச்சில்லை. என்மேல் குற்றமில்லை என்றே இருந்துவிட்டேன்.

ஜவ்வரிசி துள்ளினால் தீயைக் குறைப்போம், தட்டில் உட்காரும். தினமும் செய்த வேலை. கையும் அப்படித்தானே? ஒருநாளும் சேர்த்து நினைக்கவில்லை.

ஐப்பசி 11, வெள்ளி

சூசை இருக்கும் வெள்ளிமலைக்கு பஸ். வழியெல்லாம் பனி. மேரியும் கூட. சூசை மரவள்ளிக் கொல்லை ஓரம் உட்கார்ந்திருந்தான். முழுக்க நரைத்துவிட்டது.

"இன்னா, வழி தெரிஞ்சிச்சா? நான் செத்தாதான் வருவன்னு நெனச்சன்."

"சூச, நான் வெறகு போடலடா. இழுத்தேன். உனக்கு சுடக்கூடாதுன்னு இழுத்தேன். அதாலதான் சுட்டுச்சி."

உட்கார்ந்தபடியே இடக்கையால் ஒரு களையைப் பிடுங்கி எறிந்தான்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா, அம்மா சாவுக்காவது வந்திருப்பேன்ல?"

அவன் வலக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மூன்று விரல் மடங்கியே இருந்தன. மெல்ல இழுத்து நிமிர்த்தப் பார்த்தேன்.

"வலிக்குதாடா?"

"இழு. அதுல உணர்ச்சி இல்லண்ணே."