ஒரு சாண் தூக்கி நிறுத்து

இன்னோஷிமா தீவு
நவம்பர் 9, 1984

டேய் ஹிசாதோ,

இங்கே நான் நலம், முதுகு நலம், நாக்கு ரொம்பவே நலம். நீ டோக்கியோவில் எப்படி இருக்கிறாயோ, இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிறவரை தெம்பாக இருந்தால் போதும்.

உங்கள் டிவி கார்ட்டூன் தொடரின் கடைசிச் சண்டைக்கு நீ வரைந்ததை இயக்குநர் கனமே இல்லை என்று இரண்டு தடவை திருப்பிவிட்டார், இருபதாம் தேதிக்குள் மூன்றாவது தடவையும் தேறாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார், அப்படி ஆனால் ஊருக்கே வந்துவிடுகிறேன், கப்பல் பட்டறை மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லி வை என்று எழுதியிருக்கிறாய். சொல்ல மாட்டேன். இந்தத் தீவில் இரும்பு நாற்றம் தவிர என்ன இருக்கு என்று கேட்டுவிட்டுப் படகேறின துரை நீதானே, இப்போது நாற்றம் மணக்கிறதோ? அப்பா உன்னை ஒன்றும் சொல்ல வேண்டாம் என்கிறார், அதனால் அவர் பங்கையும் சேர்த்து நானே திட்டுகிறேன்.

போன வாரம் டிவியில் வந்த உன் சண்டையைப் பட்டறைப் பெண்கள் எட்டுப் பேரும் யோனெகோவின் அடைக்கடையில் உட்கார்ந்து பார்த்தோம். அவள் இருபது வருஷம் கிரேன் ஓட்டிவிட்டு அடை சுட வந்தவள், பார்த்த கண் சும்மா இருக்குமா? ஆரஞ்சை உரித்துக்கொண்டே, ஏண்டி சதாயே, உன் மகன் காலி அட்டைப்பெட்டியையா சண்டைக்கு விட்டிருக்கான் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் அவளை, உன் அடைக்கு உப்புப் போடத் தெரியாது, நீ படத்துக்கு உப்புப் பார்க்கிறியா என்று கிழித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அவள் சொன்னது சரி, அதுதான் என் வயிற்றெரிச்சல். ஆறு மாடி உயரத்து இரும்பு ஆள் கொசு அடிக்கிற வேகத்தில் கையை வீசுகிறான், அவன் காலடியில் ஒரு சைக்கிள் கிடையாது, ஒரு தபால் பெட்டி கிடையாது, எதை வைத்து அவனைப் பெரியவன் என்று நான் நம்ப? முந்நூறு தாள் வரைந்தேன், ஒரு நொடிகூட எதுவும் சும்மா நிற்காது என்று பீற்றிக்கொள்கிறாயே, அதுதாண்டா உன் வியாதி.

உன் அம்மா பட்டறையில் கிரேனுக்கு விசில் ஊதிச் சைகை காட்டி என்ன செய்கிறாள் என்றாவது ஞாபகம் இருக்கா? நாற்பது டன் கப்பல் துண்டை நாங்கள் கட்டிக் கொடுத்தால் கிரேன் முதலில் ஒரு சாண்தான் தூக்கும். தூக்கி அப்படியே நிறுத்தவேண்டும். கட்டு சரியா, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்காமல் மேலே விடமாட்டோம். அந்த நேரம் எதுவும் அசையாது, கம்பிவடம் மட்டும் முனகும், இரும்பிலிருந்து துரு பொலபொலவென்று உதிரும், எங்களுக்கு மூச்சு வராது. உன் ஒன்பது வயதில், நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நின்றவன், அதைப் பார்த்துத்தான் டவுசரை நனைத்தாய். அது விழவில்லை, யாரையும் அடிக்கவில்லை, சும்மா நின்றது. பின்னே எதுக்குடா நனைத்தாய்? அதை வரை. உன் ஆள் கையை ஓங்கட்டும், ஓங்கிய கை அப்படியே நிற்கட்டும், தோளிலிருந்து துரு உதிரட்டும், கீழே எவளோ காயப்போட்ட துணி காற்றில் ஆடட்டும். அப்புறம் அடி. உன் முந்நூறு தாளில் பாதியைக் கிழித்து அடுப்பில் போடு.

கண்ணும் கையும் கெடாமல் நன்றாக இரு. மூன்று வேளையும் நூடுல்ஸ் தின்னாதே, குளி. நம் மரத்தில் ஆரஞ்சு பழுத்துவிட்டது, இருபதாம் தேதிக்கு முன்னால் ஒரு சுளைகூட அனுப்பமாட்டேன். டிசம்பர் கடைசியில் அந்தச் சண்டை வருகிற அன்று யோனெகோவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவேன். படத்தைப் பார்க்கமாட்டேன், அவள் கையைத்தான் பார்ப்பேன். பாதி உரித்த ஆரஞ்சோடு அந்தக் கை நின்றால் புத்தாண்டுக்கு வீட்டுக்கு வா. நிற்காமல் உரித்துத் தின்றாள் என்றால், படகுத்துறையிலேயே விசில் ஊதி உன்னைத் திருப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உன்மேல் கொலைவெறியில் இருக்கும் அம்மா
சதாயே