மூன்று முறை போயும் ஆள் இல்லை

மார்ச் 3, செவ்வாய்

கணக்கு முடிந்தது. மனச்சிதைவு நோயாளிகளை மருத்துவமனையோடு விட்டுவிடாமல், அவர்கள் குடியிருக்கும் பகுதியிலேயே ஒரு மையம் வைத்துக் கவனித்தால் பலன் உண்டா? ஐந்து வருடக் கேள்வி. பதில்: இல்லை. மையத்தில் 118 பேர், மருத்துவமனைக்கு மட்டும் வந்துபோனவர்கள் 120 பேர். நோய் முற்றியவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு.

மையம் முன்வரிசையின் கனவு. எங்கள் இயக்குநரைத்தான் சொல்கிறேன். கல்லூரியில் முதல் பெஞ்சை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, அதனால் அந்தப் பெயர். மாதக் கடைசியில் குழு கூடுகிறது. என் அறிக்கையைப் பார்த்துத்தான் மையத்தை மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள்.

இன்று இரண்டு டீ குடித்தேன். இரண்டும் நன்றாக இருந்தன.

மார்ச் 4

நான் சந்தோஷமாக இருப்பது மனைவிக்கு உறுத்துகிறது. காரணம் சொன்னேன். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் இரட்டையர்களின் ரத்த மாதிரிகளை வீடு வீடாகப் போய் எடுத்தவன் நான். குணத்துக்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பு பற்றிய அந்தக் கட்டுரையில் முன்வரிசையின் பெயர் முதலில், என்னுடையது நாலாவது. மறக்க முடியுமா? வன்மம்கூட மரபணுவில் வருவதுதான், அதை ஒருநாள் நிரூபிப்பேன் என்றேன்.

"உங்கப்பா மாடி வீட்டுக்காரரோட பதினாலு வருஷம் பேசல. இதுக்கு ரத்தம் வேற எடுக்கணுமா?" என்றாள்.

மார்ச் 9, திங்கள்

ஐந்து வருடமாக நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்ப் படிவம் நிரப்பும் களப்பணியாளர், கையெழுத்து வாங்க வந்தார். மேசையில் கிடந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு நின்றார்.

"என்ன சார், எழுபத்தி மூணாம் நம்பர் ஆளுக்கு நோய் முத்திடுச்சுன்னு போட்டிருக்கு?"

"மூணு தடவை போயும் ஆள் இல்ல. விதிப்படி அப்படித்தான் போடணும்."

"அவரு பஸ் கண்டக்டர் சார். போன வாரம் எனக்கே டிக்கெட் குடுத்தாரு. உள்ள தள்ளி நில்லுங்கம்மான்னு ஒரு அதட்டல் வேற."

சிரிக்காமல் இருந்தேன். அவர் விடவில்லை.

"நாங்க போறது பதினோரு மணிக்கு. ஆபீஸ் வண்டி நாலு மணிக்கு ஷெட்டுக்குத் திரும்பணும். அந்த நேரத்துல வேலைக்குப் போறவங்க வீட்ல எப்படி இருப்பாங்க? நீங்க இருப்பீங்களா?"

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"எழுதினேனே சார். ஓரத்துல."

மார்ச் 10

அலமாரியைத் திறந்து படிவங்களை எடுத்தேன். கணினியில் ஏறியது கட்டங்களில் இருந்தது மட்டும். ஓரத்தில் பென்சிலில், சின்ன எழுத்தில்: 'மாவு மில்லில் வேலை என்கிறார் எதிர்வீட்டுக்காரர்.' 'தையல் கடை, ஆறு மணிக்கு மேல்தான் வருவாராம்.' 'அச்சகம்.' 'அச்சகம்.' 'அச்சகம்' — ஒரே ஆள், மூன்று வருகை.

இப்படிக் கணக்கில் ஏறியவர்கள் மையத்துப் பக்கம் 37 பேர். மறுபக்கம் 9. இது எப்படி என் கண்ணில் படாமல் போயிற்று? பட்டிருக்கும். எனக்குப் பிடித்த விடை கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

களப்பணியாளர்களுக்குக் கொடுத்த சுற்றறிக்கையும் கிடைத்தது. 'அக்கம்பக்கத்துப் பேச்சு சான்று ஆகாது.' கீழே என் கையெழுத்து, அடிக்கோட்டுடன்.

மார்ச் 12, வியாழன்

சொல்லாமல் இருந்தால் என்ன? விதி விதிதான். யாரும் கேட்கப் போவதில்லை. முன்வரிசையின் முகம் குழுவுக்கு முன்னால் சுருங்குவதைப் பத்தொன்பது வருடமாகக் கற்பனை செய்து வைத்திருக்கிறேன் — அதையும் விடணுமா?

மையத்துக்குப் போனேன். திறப்பு விழாவுக்குப் பிறகு இப்போதுதான். ஒரு பெண் தம்பியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். என் அடையாள அட்டையைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார்.

"மூடப் போறீங்களாமே சார்?"

"இன்னும் முடிவாகல."

"மூடினா சொல்லிடுங்க. நான் வேலைய விடணும். இவனத் தனியா விட்டா மாத்திரையத் தொட மாட்டான். இங்கன்னா கேரம்ல தோத்துட்டுப் பேசாம முழுங்கிடுறான்."

"நான் எங்க தோத்தேன்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மார்ச் 15, ஞாயிறு

என் காரில் களப்பணியாளரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நாற்பத்தாறு பேரையும் தேட வேண்டும். மறுபக்கத்து ஒன்பது பேரையும் இதே நேரத்தில், இதே கேள்விகளுடன் தேடாவிட்டால் அது இன்னொரு பித்தலாட்டம். யார் எந்தப் பக்கம் என்று அவரிடம் சொல்லவில்லை. கேள்விகளை அவரே கேட்டார். நான் தெருவில் நின்றேன். ஏழு வீடு முடிந்தது.

மார்ச் 18

சாயங்காலம் ஐந்து வீடு. கால் வலி.

மார்ச் 25, புதன்

மையத்துப் பக்கம் 37-இல் 33 பேர் கிடைத்தார்கள். 27 பேர் வேலையில் இருக்கிறார்கள், ஆறு பேருக்கு உண்மையிலேயே முற்றியிருக்கிறது. ஒருவர் இறந்துவிட்டார். மூவரைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. மறுபக்கம் ஒன்பதில் எட்டுப் பேர் கிடைத்தார்கள். வேலையில் இருப்பவர்கள் இரண்டு பேர்.

பலன் இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. நலமானவர்களையெல்லாம் நோயாளிகளாக எண்ணியிருக்கிறேன்.

மார்ச் 26

முன்வரிசையின் அறை. தாளை நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, இரண்டு முறை படித்தான்.

"இத நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுடா."

"தெரிஞ்சிருக்காது."

"என்மேல உனக்கு இன்னும் கோவம்தானே?"

"அதுல ஒரு மாற்றமும் இல்ல."

தாளை மடித்து மேசையில் வைத்தான். "அந்த இரட்டையர் கட்டுரை. உன் பேரைக் கீழ இறக்கினது நான்தான். இப்ப நாலு நாட்டுல செஞ்சு பார்த்துட்டாங்க, ஒருத்தருக்கும் அந்த முடிவு வரல. எல்லாரும் முதல் பேரத்தான் கிழிக்கிறாங்க. நாலாவது பேரை எவன் பார்க்கிறான், தப்பிச்சுட்ட."

சிரித்துவிட்டேன். அவன் அறையில். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 30, திங்கள்

குழு கூடியது. அந்த விதியை எழுதியது யார் என்று கேட்டார்கள். நான் என்றேன். மையத்துக்கு இன்னும் மூன்று வருடம்.

ஏப்ரல் 17, வெள்ளி

சாயங்கால வருகை இப்போது நிரந்தரம். வண்டி எட்டு மணிவரை வெளியே இருக்கலாம். களப்பணியாளருக்குக் காய்ச்சல், அதனால் நானே அச்சகத்துக்காரரைத் தேடிப் போனேன். வீட்டில் இல்லை. அச்சகத்தில் இருந்தார், கை முழுக்க மை. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு இயந்திரத்துக்குத் திரும்பினார். இருபது நிமிடம் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னிக்கு முடியாது டாக்டர். நாளைக்குள்ள ரெண்டாயிரம் அழைப்பிதழ் போகணும். அடுத்த வாரம் ஒரு போன் பண்ணிட்டு வாங்களேன்."

சரி என்றேன். படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்: 'என்னோடு பேச அவருக்கு நேரமில்லை.' கீழே தேதி போட்டு, நடந்தே வீட்டுக்கு வந்தேன்.