சின்ன ர, பெரிய ற

ஜூன் 4

கிடங்கில் இன்று கூட்டம் இல்லை. பம்ப் உதிரிபாகம் கேட்டு வந்தவர்களை விட வழி கேட்டு வந்தவர்கள் அதிகம். சீக்கிரம் வீட்டுக்கு வந்து பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தின் புதிய பதிப்பை ஏற்றினேன். ஏற்றியதும் வழக்கம்போல் ஐகான்களையெல்லாம் இடம் மாற்றினேன், வழக்கம்போல் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தேன். “பீரோவைத் தினமும் நகர்த்திப் பார்க்கிற வியாதி மாமா இது” என்பான் என் மச்சினன். இருக்கட்டும். பொழுதுபோக்கு என்றால் அப்படித்தான்.

என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அது பேசும்னு ஒரு தடவை சொன்னீங்களே?”

“எது?”

“உங்க லினக்ஸ். எழுத்தைப் படிச்சுச் சொல்லும்னு.”

சொல்லியிருக்கிறேன். எப்போதோ, சும்மா. அப்போது அவளுக்குக் கண் தெரிந்தது. கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டே வந்து, பொங்கி வரும் பாலைக்கூடப் பார்க்க முடியாத நிலைக்கு வந்தாயிற்று. போனது திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பதிப்பகத்தில் பதினெட்டு வருடம் மெய்ப்புத் திருத்தியவள். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் கழுகு. ஒரு புள்ளி தப்பாது. ஜனவரியோடு வேலை நின்றது.

“பேசும்” என்றேன். “பேச வைக்கிறேன்.”

ஜூன் 5

பேசியது. ஜலதோஷம் பிடித்த ரோபோ மாதிரி. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

ஜூன் 11

பதிப்பாசிரியருக்கு அவளே போன் போட்டாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல மனுஷி, ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

“ஆகஸ்ட் பாதியில ஒரு நாவல் வருது, அனுப்புறேன். முன்ன மாதிரி வந்தா தொடருவோம். இல்லன்னா நான் வேற ஆள் பார்த்துத்தான் ஆகணும். மனசுல வெச்சுக்காதீங்க.”

“வெச்சுக்க மாட்டேன், அனுப்புங்க” என்றாள் இவள். 

அதற்குள் இந்தக் குரலைத் தேன் ஒழுக வைத்துவிட வேண்டும். வைப்பேன்.

ஜூன் 23

திறந்த மூல மென்பொருளின் அருமை இதுதான்: உள்ளே போகலாம். தமிழில் எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று வரிவரியாக ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். யாரோ, எங்கோ, சம்பளம் வாங்காமல். அதைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்கிறேன். சொல்லுக்கு நடுவே வரும் ‘க’ மென்மையாகிவிட்டது. வாக்கிய முடிவில் குரல் இறங்குகிறது. ஜலதோஷம் பாதி குணம்.

ஜூலை 2

தோல்வி.

வேண்டுமென்றே பிழை வைத்து ஒரு பக்கம் தட்டச்சு செய்து அவளிடம் கொடுத்தேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டாள். பள்ளி பல்லியானதைப் பிடித்தாள். விட்டுப்போன ‘த்’தைப் பிடித்தாள். ஆனால் ‘குழம்பில் கரி வெந்தது’ என்று வைத்திருந்தேன். தாண்டிப் போய்விட்டாள். ‘மறம் வெட்டினான்’ என்பதையும் தாண்டினாள். நான் சொன்னதும் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தானே கேக்குது.”

“நாம பேசுறதே அப்படித்தானே? கறியையும் கரியையும் யார் பிரிச்சுச் சொல்றா?”

“அதைத்தான் சொல்றேன்.”

எழுந்து போய்விட்டாள். குரல் நன்றாகத்தானே இருக்கிறது? இதற்கு மேல் என்ன செய்வது?

ஜூலை 3

குழம்பில் உப்பில்லை. இருவரும் அப்படியே சாப்பிட்டு முடித்தோம்.

ஜூலை 7

மச்சினன் விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் ஒன்றைச் சோதனைக்காகக் கொண்டுவந்தான். “ஓசியில வர்றதை நம்பி அக்கா வேலையை விட்டுடாதீங்க மாமா.”  போடட்டும் என்று விட்டேன்.

போட்டான். அடேயப்பா, செய்தி வாசிப்பவர் நேரில் வந்து உட்கார்ந்த மாதிரி குரல்!  அதே பிழைப் பக்கத்தை அதனிடம் கொடுத்தோம். தங்குதடையின்றி வாசித்தது. விட்டுப்போன ‘த்’தைக்கூட அதுவே போட்டு வாசித்தது!

“அக்கா, எப்படி?”

“ரொம்ப அழகா பொய் சொல்லுதுடா.”

அவனுக்குப் புரியவில்லை. பிழையை மூடி மறைத்து வாசித்தால் அவளுக்கு எதற்கு? அதை மாற்றலாமா என்று உள்ளே தேடினேன். எல்லாம் பூட்டு. வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். அவன் டீயைக் குடித்துவிட்டு மென்பொருளை எடுத்துக்கொண்டு போனான். பாவம், நல்லதுக்குத்தான் கொண்டுவந்தான்.

ஜூலை 9

காலையில் நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

“எனக்கு அழகா படிக்க வேண்டாங்க. அசிங்கமா படிக்கணும்.”

“என்னது?”

“ஸ்கூல்ல எப்படிச் சொல்லிக் கொடுத்தாங்க? சின்ன ர, பெரிய ற. ரெண்டு சுழி ன, மூணு சுழி ண. வாயால பிரிக்க முடியாததாலதானே பேர் வெச்சுப் பிரிச்சாங்க? உங்க மெஷினும் பிரிக்கட்டும். மனுஷன் பேசுற மாதிரி இருக்கவே வேண்டாம். காது குடைஞ்சாலும் பரவாயில்ல, எழுத்து எழுத்தா தெரியணும்.”

ஒரு மாதமாக நான் எதிர்த்திசையில் வண்டி ஓட்டியிருக்கிறேன்! குரல் எவ்வளவு இனிக்கிறதோ அவ்வளவு அவளுக்குக் கெடுதல். பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். கிடங்கில்தான் யாரோ சொன்னார்கள்.

ஜூலை 20

பெரிய ற இப்போது மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பும் சத்தம். சின்ன ர நாக்கின் ஒரு தட்டல். மூன்று சுழி ண மூக்கடைப்பு. ‘ந’ வந்தால் குரல் ஒரு படி கீழே இறங்கும். ‘வெற்றி’ என்று வந்தால் வீடு அதிர்கிறது. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, “ரிப்பேருக்கு வந்த பம்ப் ஏதாவது வெச்சிருக்கீங்களா?” என்று விசாரித்தார்.

பிழைப் பக்கத்தைப் புதிதாகத் தயாரித்துக் கொடுத்தேன். ஒன்று தப்பவில்லை. நான் தெரியாமல் செய்த இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள்.

ஜூலை 28

கோப்பை அந்த மென்பொருள்காரர்களுக்கே அனுப்பியிருந்தேன், அதிகாரப்பூர்வமாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி. சேர்க்காவிட்டால் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் நம் திருத்தம் அழிந்துபோகும். பதில் வந்தது. பொறுப்பாளர் எந்த நாட்டுக்காரரோ தெரியாது. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூனை. தமிழ் பேசுபவர்களிடம் கேட்டாராம். இப்படி யாரும் உச்சரிப்பதில்லையாம். நிராகரிப்பு.

யோவ், யாரும் பேச மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? இத்தனை நாள் உட்கார்ந்து செஞ்சவனுக்கு ஒரு வரியில பதிலா? நாலு கேள்வி கேட்டு எழுதினேன். அனுப்பப் போகும் நேரத்தில், “முதல்ல எனக்குப் படிச்சுக் காட்டுங்க” என்றாள். படித்தேன்.

“அழிங்க.”

ஜூலை 29

அவள் சொல்லச் சொல்ல எழுதி அனுப்பியது, சுருக்கமாக: ‘இது பேசுவதற்கான குரல் அல்ல, திருத்துவதற்கான குரல். இருக்கும் குரலைத் தொட வேண்டாம். பக்கத்தில் தனியாக இதற்கு ஓர் இடம் கொடுங்கள். பார்வை இழந்த மெய்ப்புத் திருத்துநர் ஒருவர் இதை வைத்துத்தான் தன் தொழிலுக்குத் திரும்ப நினைக்கிறார்.’

என் கேள்விகள் நாலும் இதைவிடச் சூடு. ஆனால் இதுதான் பதில். ஒப்புக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 3

பூனை மனமிறங்கியது! ‘மெய்ப்புக் குரல்’ என்று தனியாகச் சேர்த்துக்கொண்டார்கள். பராமரிப்பாளர் என்ற இடத்தில் என் பெயர். புகார் வந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டுமாம். எவன் புகார் தரப்போகிறான்? உலகத்திலேயே ஒருத்திதான் பயன்படுத்துகிறாள்.

ஆகஸ்ட் 15

நாவல் வந்துவிட்டது. நாளை தொடங்குவதாக இருந்தாள்.

நான் என்ன செய்தேன்? கை சும்மா இருக்குமா எனக்கு? புதிய பதிப்பு வந்திருக்கிறதே என்று அவள் கணினியில் மொத்த மேம்படுத்தலையும் ஓட்டினேன். முடிந்ததும் ஒலி இல்லை. ஸ்பீக்கரில் இல்லை, ஹெட்ஃபோனில் இல்லை. எனக்குத் திரையில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அவள் விசையைத் தட்டுகிறாள், தட்டுகிறாள், சத்தமே இல்லை.

“என்ன ஆச்சு? ஏங்க, என்ன செஞ்சீங்க?”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 16

விடுப்பு போட்டேன். பழைய பதிப்புக்குத் திரும்பி, மென்பொருள் பொதிகளை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒலியை முடக்கியது எது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் விலக்கிவிட்டேன். மதியத்துக்குள் மோட்டார் சைக்கிள் உறுமியது. உலகத்திலேயே இனிமையான சத்தம் அதுதான்.

இனி அவள் கணினியில் நான் கை வைப்பதில்லை. கடவுச்சொல்லை அவளே மாற்றிக்கொண்டாள். எனக்குச் சொல்லவில்லை. நல்லது.

ஆகஸ்ட் 28

சமையலறையில் இருந்தேன். உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

“இங்க வந்து பாருங்க. என்ன எழுதியிருக்கு?”

“கௌரவம்.”

“நல்லாப் பாருங்க. எனக்கு கெ-ள-ரவம்னு கேக்குது.”

மூக்கு திரையில் இடிக்கும்வரை பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். கௌரவம்தான். நம் கோப்பில்தான் கோளாறு என்று நினைத்து எழுத்துகளின் குறியீட்டைப் பிரித்தேன். அவள் சொன்னதுதான் சரி. தட்டச்சு செய்தவர் ‘கௌ’ போடாமல் ‘கெ’ போட்டுப் பக்கத்தில் ‘ள’வை ஒட்டவைத்திருக்கிறார். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. மின்னூலில் யாராவது அந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. நாவல் முழுக்க இப்படி! கதாநாயகன் வேறு கௌரவம் பார்க்கிற ஆள், பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

“கண்ணு இருந்தப்போ இதை எத்தனை புத்தகத்துல விட்டிருப்பேனோ” என்றாள். வருத்தமாகச் சொல்லவில்லை. கழுகு குரல் அது.

செப்டம்பர் 5

திருத்தங்களை அனுப்பிவிட்டாள். இனி அவர்கள் பாடு.

செப்டம்பர் 11

பதில் இல்லை. போன் அடித்தால் நான்தான் துள்ளுகிறேன். அவள் பாத்திரம் கழுவுகிறாள்.

செப்டம்பர் 19

கிடங்கிலிருந்து வந்தேன். அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. டீ போட்டுக்கொண்டு என் மடிக்கணினியைத் திறந்தால், மெய்ப்புக் குரலுக்கு முதல் புகார்! வந்த கோபத்தில் டீ ஆறிவிட்டது. இலவசமாக வாங்கிக்கொண்டு என்ன அதிகாரம் பார்:

‘பராமரிப்பாளர் அவர்களுக்கு. வேகத்தைக் கூட்டினால் ண, ன இரண்டும் ஒன்றாகக் கேட்கின்றன. இது சிறு குறை அல்ல. நான் தொழில்முறை மெய்ப்புத் திருத்துநர். பதிப்பகத்தின் அடுத்த இரண்டு நூல்களுக்கும் ஒப்புக்கொண்டுவிட்டேன். முதல் நூல் திங்களன்று வருகிறது. அதற்குள் சரிசெய்யவும்.’

கீழே பெயர் இருந்தது. அவள் பெயர்.

இரண்டு முறை படித்தேன். அடுத்த இரண்டு நூல்கள்! கண் கலங்கிவிட்டது, எழுத்து தெரியவில்லை. ஓடிப்போய்க் கதவைத் தட்டலாமா? வேண்டாம். முறைப்படி வந்த புகார். முறைப்படிப் பதில் எழுதினேன்: ‘புகாருக்கு நன்றி. குறையை உறுதிசெய்து ஞாயிற்றுக்கிழமைக்குள் திருத்தித் தருகிறேன். அதுவரை பொருத்துக்கொள்ளவும்.’

அனுப்பினேன். கதவுக்கு அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் கடகடவென்று ஓடி நின்றது.

“என்னங்க!” என்று உள்ளேயிருந்து சத்தம். “நீங்க என்ன, பம்ப்புக்கு வால்வா பொருத்தறீங்க? பெரிய ற போடுங்க!”