உறையைப் பிரிக்கக் கூடாது

மார்ச் 3

மருந்துக்காரிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது, எழுதினால் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நீ போய் நாலு வருஷம் ஆகிறது. இப்போதுதான் எழுத ஒரு விஷயம் கிடைத்தது.

பல் ஈறு வீங்கி, பத்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். பல் சரியாயிற்று, வயிறு கெட்டுவிட்டது. முனை மருந்துக்கடைக்காரன் புரோபயாடிக் கேப்சூல், அதாவது வயிற்றுக்கு நல்லது செய்யும் கிருமி அடைத்தது, சாப்பிடச் சொல்கிறான். இரண்டு வகை வைத்திருக்கிறான். "சார், இதுக்கு மேல பூச்சு இருக்கு. வயித்துல கரையாது, குடலுக்குப் போய்த்தான் கரையும். நல்ல கிருமி சாகாது" என்கிறான். நிஜமா, கதையா? ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருபது வருஷமாக நிற்கிறவளைக் கேட்காமல் யாரைக் கேட்பது?

லிஃப்ட் மெக்கானிக்

மார்ச் 10

லிஃப்ட்காரருக்கு,

நாலு வருஷம் கழித்து ஒரு கடிதம், அதுவும் வயிற்றுப்போக்கைப் பற்றி. உங்களால்தான் முடியும்.

கடைக்காரர் சொன்னதில் பாதி நிஜம். பல கிருமிகள் இரைப்பை அமிலத்தில் செத்துவிடும். பூச்சு அவற்றைக் காப்பாற்றும். சில வகைகள் அமிலத்தைத் தாங்கும், அவற்றுக்குப் பூச்சு தேவையே இல்லை. அதைவிட, டப்பாவில் கிருமியின் முழுப்பெயர் இருக்கிறதா, காலாவதி நாள்வரை எத்தனை கோடி உயிரோடு இருக்கும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். தயாரித்த நாளில் இருந்த எண்ணிக்கையை மட்டும் போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூச்சுள்ளதை வாங்கினால் முழுசாக விழுங்குங்கள். உறையைப் பிரிக்கக் கூடாது.

மருந்தகத்திலிருந்து,
நான்

மார்ச் 24

மருந்துக்காரிக்கு,

டப்பாவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். "நீங்க என்ன சார், இன்ஸ்பெக்டரா?" என்றான் கடைக்காரன். பூச்சுள்ளதையே வாங்கினேன். பத்து நாளாகியும் பலனில்லை. உறையைப் பிரித்து, தூளைத் தண்ணீரில் கலக்கித்தான் குடிக்கிறேன். அதனால்தானோ?

பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டேன். "அண்ணே, நீங்க ஏறினா லிஃப்டு ஆளே இல்லைன்னு நினைச்சுக்கும்" என்று கூட வேலை பார்ப்பவன் கிண்டல் பண்ணுகிறான்.

லிஃப்ட் மெக்கானிக்

மார்ச் 29

உங்களுக்கு,

பிரித்தால் அந்தப் பூச்சு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அது போகட்டும். எதற்காகப் பிரித்தீர்கள்? எந்த மாத்திரையையும் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்குகிற ஆள் நீங்கள். எத்தனை கிலோ குறைந்தது?

நம் குழந்தை வயிற்றிலேயே போன மறுநாள் காலையில், "ஒரு லிஃப்டு நடுவுல நிக்குது" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். அதன்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் வீட்டை விட்டு வந்தது நீங்கள் வேலைக்குப் போனதற்காக இல்லை. நீங்கள் வாய் திறக்காததற்காக. இந்தத் தடவையாவது மறைக்காமல் எழுதுங்கள்.

நான்

ஏப்ரல் 14

உனக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

நெஞ்சுக்கு நடுவில் அடைக்கிறது. டிசம்பரிலிருந்து. முதலில் ரொட்டி இறங்கவில்லை, பிறகு சோறு. இப்போது கஞ்சி மட்டும். பதினொரு கிலோ குறைந்திருக்கிறது. பல், வயிறு எல்லாம் நிஜம்தான். ஆனால் அன்றைக்கு இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். கை கேப்சூலைப் பற்றி எழுதிவிட்டது.

குழந்தை போன மறுநாள், அந்த நின்றுபோன லிஃப்டில் யாரும் இல்லை. கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தவன், மதியம்வரை அழுதேன். அந்தக் கட்டடத்துக்காரர்கள் எல்லாரும் ஏழு மாடி படியேறிப் போனார்கள். உன்னிடம் வந்து எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

நான்தான்

ஏப்ரல் 17

உங்களுக்கு,

ஏழு தடவை போன் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அதனால் விரைவுத் தபால்.

கேப்சூலை நிறுத்துங்கள். இது அதனால் தீருவது இல்லை. உணவுக்குழாயைக் குழாய்விட்டுப் பார்க்க வேண்டும். இதைப் படித்த அன்றே போங்கள்.

மருந்து கேட்டு வருகிற யாரையும், "வேற என்ன பண்ணுது?" என்று கேட்காமல் நான் அனுப்புவதில்லை. முதல் கடிதத்தில் உங்களிடம் மட்டும் கேட்கவில்லை. கோபம். கிருமி எத்தனை கோடி என்று எழுதி அனுப்பினேன்.

இறங்காமல் இருந்த அந்த லிஃப்டில் நானும் வந்து உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்டிருக்கலாம்.

நான்

மே 5

உனக்கு,

குரல் கம்மிவிட்டது, அதனால்தான் போனை எடுக்கவில்லை. கேட்டால் பயந்துவிடுவாய்.

பார்த்தார்கள். சதை எடுத்து அனுப்பினார்கள். புற்றுநோய்தான், ஈரலுக்கும் போய்விட்டதாம். ஆபரேஷன் கிடையாது. கஞ்சியாவது இறங்குவதற்காக உள்ளே ஒரு வலைக்குழாய் வைக்கிறார்கள். "எவ்வளவு நாள் டாக்டர்?" என்று கேட்டேன். "வருஷக் கணக்குல பேச முடியாதுங்க" என்றார்.

சேர்க்கும்போது நர்ஸ், "கூட யாரு? உறவு என்ன போடட்டும்?" என்று கேட்டாள். மனைவி என்று போடச் சொன்னேன். போட்ட பிறகுதான் உன்னைக் கேட்கிறேன். வேண்டாம் என்றால் அடித்துவிடச் சொல்கிறேன்.

நான்தான்

மே 8

உங்களுக்கு,

அடிக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். இருந்தாலும் எழுதுகிறேன், நேரில் பார்த்தால் எனக்கும் வாய் வராமல் போகலாம்.

இன்று காலை விடுப்புப் படிவத்தில் எத்தனை நாள் என்கிற கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி, "நாள் போடலையேம்மா?" என்று கேட்டார்.

"தெரியல சார். அவரு இருக்கிற வரைக்கும்" என்றேன்.

அவர் அப்படியே சீல் வைத்துக் கொடுத்தார்.

உங்கள் மனைவி