கை மட்டும் தெரிந்தால் போதும்

ஜனவரி 8, புதன்

இன்றும் ஈ ஓட்டினேன். காலையிலிருந்து உள்ளே வந்தது ஒரே ஒரு அம்மா, அதுவும் பக்கத்துத் தையல் கடை என்று நினைத்து ஜாக்கெட் துணியோடு. "ஷமா மெஹந்தி" என்று இவ்வளவு பெரிய போர்டு வைத்திருக்கிறேன், படிக்கக்கூடாதா?

வீட்டில் உட்கார்ந்து மருதாணி போட்டபோது வராத கவலையெல்லாம் கடை வைத்த பிறகு வருகிறது. ஷார்ஜாவிலிருந்து அஸார் போன் செய்தால் முதல் கேள்வியே இதுதான். "நோன்புப் பெருநாளுக்குள்ள கடை பிடிச்சு நிக்கட்டும். இல்லன்னா பேசாம வீட்லயே போடு." பேசாமலாம். வலங்கைமானில் இவ்வளவு கல்யாணம் நடக்கிறது, அத்தனை பெண்களும் கும்பகோணத்துக்கு ஓடினால் நான் என்ன செய்வது?

தையல் கடை சான்ட்ராதான் வழி சொன்னாள். "உன் கடை மேப்லயே இல்லடி. மேப்ல இல்லன்னா ஊர்லயே இல்லன்னு அர்த்தம்." அவளே என் போனை வாங்கி ஏதேதோ தட்டிக் கடையை மேப்பில் ஏற்றிவிட்டாள்.

ஜனவரி 11, சனி

பாபநாசத்திலிருந்து ஒரு பெண் போன். "அக்கா, மேப் வந்துட்டேன்னு சொல்லுது. ஆத்தங்கரையில நிக்கிறேன். கடை எங்க?"

சான்ட்ரா என் கடையைக் குடமுருட்டி ஆற்றுக்குள் இறக்கியிருக்கிறாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை, பஸ் ஏறிப் போய்விட்டாள்.

ஜனவரி 17, வெள்ளி

கடை கரையேறிவிட்டது. இப்போது சரியான இடத்தில் காட்டுகிறது.

அடுத்து ஒரு ஆப். அதைத் திறந்தால் நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி யார் என்ன படம் போட்டிருக்கிறார்கள் என்று வரிசையாக வருகிறது. என் கடைக்கு வருகிறவர்கள் கடையின் இடத்தைப் போட்டு ஒரு படமும் போட்டால் ஒரு விரலுக்கு இலவசம் என்று சான்ட்ரா எழுதி ஒட்டினாள். நம்மூர்ப் பெண்களிடமா? ஒரு அக்கா சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். "நான் எங்க உக்காந்திருக்கேன்னு சவுதியில இருக்கிற மனுசனுக்குத் தெரியணுமா? தெரிஞ்சா அடுத்த நிமிசம் போன் வரும்." இன்னொருத்தி, "எங்க மாமியாருக்கே தெரியாது நான் வந்தது" என்றாள்.

சரி, அவர்கள் போட வேண்டாம். நான் போடுகிறேன். கல்யாண வீடுகளுக்குப் போகும்போது அங்கிருந்தே, அந்த இடத்தோடு. முகம் கிடையாது. கை மட்டும். என் மாமியார் கமருன்னிஸா இதில் ரொம்பக் கறார். அவங்களே, "முகம் வராம இருந்தா சரிதான். கையில என்ன இருக்கு?" என்றுவிட்டார்கள்.

ஜனவரி 30, வியாழன்

பலிக்கிறது! ஆவூரில் ஒரு கல்யாணம், அங்கிருந்து போட்டேன். அதைப் பார்த்து அந்த ஊரிலேயே இன்னொரு வீட்டில் கூப்பிட்டார்கள். ஒரு தெருவில் படம் போட்டால் அடுத்த தெரு எட்டிப் பார்க்கிறது. சாலையெல்லாம் நெல் காய்கிறது, அறுப்பு மிஷின் பின்னாலேயே ஸ்கூட்டியில் ஊர்ந்து போய் வந்தேன். அலுப்பே தெரியவில்லை.

அஸாரிடம் சொன்னேன். "பரவால்லையே" என்றார். அந்த மனுஷன் வாயிலிருந்து அதுவே பெரிசு.

பிப்ரவரி 5, புதன்

மத்தியானம், தெருவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து தஹ்மீனா வந்தாள். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள். தலாக் ஆகி அம்மா வீட்டில் இருக்கிறாள், நிஸ்மா என்று ஒரு மகள். வந்தவள் கதவை லேசாகச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை இப்ராஹிம், திருவாரூரில் செருப்புக் கடை, மனைவியை இழந்தவர். வீட்டோடு வைத்து முடிக்கிறார்கள். பழைய புருஷனின் அண்ணன் சைபுல்லா, "மறுகல்யாணம்னு பேச்சு வந்தா புள்ளையைத் தூக்கிட்டுப் போயிருவோம்" என்று முன்பே சொல்லி வைத்திருக்கிறாராம். நிக்காஹ் முடிந்துவிட்டால் பள்ளிவாசல் ஹஜ்ரத்தை வைத்துப் பேசிக்கொள்ளலாம், அதுவரை வெளியே தெரியக்கூடாது.

"மருதாணியே வேணாம்னுதான் அம்மா சொன்னாங்க. எனக்குத்தான் ஆசை. போன தடவை ஏனோதானோன்னு போட்டாங்க. உங்கட்ட மட்டுந்தான்க்கா சொல்றேன்."

மருதாணி போடுகிறவளுக்குத்தான் எந்தக் கல்யாணமும் முதலில் தெரியும். என் வாயிலிருந்து எதுவும் போகாது என்று சொன்னேன். வாயிலிருந்து போகாதுதான்.

பிப்ரவரி 7, வெள்ளி

இதுவரை நான் போட்டதிலேயே இதுதான் நல்ல வேலை. முழங்கை வரைக்கும். நானே அரைத்துச் சலித்த மருதாணி, கிராம்பு எண்ணெய் கூடுதல். "லேசுல போகாது பாரு, நோன்பு வரைக்கும் இருக்கும்" என்று பெருமையடித்துக்கொண்டேன். தஹ்மீனா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிஸ்மா அடம்பிடித்து உள்ளங்கையில் ஒரு பூ போட்டுக்கொண்டது.

காய்ந்ததும் படம் எடுத்தேன். தஹ்மீனா சரி என்றாள், "முகம் வேணாம், பேர் வேணாம்." நிஸ்மா ஓடிவந்து அம்மா கை பக்கத்தில் தன் கையை விரித்து வைத்தது. பெரிய கை, சின்னக் கை. அவ்வளவு அழகு.

அவள் வீட்டு வாசலில் ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே போட்டுவிட்டேன். முகம் இல்லை, பேர் இல்லை. வழக்கம்போலத் தெருவின் இடம் மட்டும்.

பிப்ரவரி 8, சனி

காலை: எந்தப் படத்துக்கும் இவ்வளவு லைக் வந்ததில்லை. ஏதோ நல்ல நேரம் பிறந்திருக்கிறது.

மாலை: அல்லாவே. என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான்.

சைபுல்லா பாபநாசத்துல இருக்காரு. அங்கேர்ந்து இங்க எவ்வளவு தூரம்? அவரு மச்சினன் போன்ல படம் வந்திருக்கு. பத்து மணிக்கெல்லாம் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு தஹ்மீனா வீட்டு வாசல்ல வந்து நின்னுட்டாரு. தெருவே கேக்குற மாதிரி, "கல்யாணப் பொண்ணு கை பக்கத்துல என் தம்பி மக கை என்ன பண்ணுது?"ன்னு கேட்டாராம்.

அந்தத் தெருவுல சின்னப் புள்ளையோட கல்யாணத்துக்கு இருக்கிற பொண்ணு வேற யாரு? குருடனுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியலையே. ஏன் தெரியல? முகம், முகம்னு முகத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நிக்காஹ் நடக்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

படத்தை அழித்துவிட்டேன். மாமியாரிடம் சொன்னேன். "வெள்ளம் போன பெறகு அணை போட்டியாக்கும்" என்றார்கள். கையில என்ன இருக்குன்னு சொன்னது நீங்கதானே என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்டு என்ன ஆகப்போகிறது? போட்ட விரல் என்னுடையது.

சான்ட்ரா விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள். சனிக்கிழமை சாயந்திரம் ஹஜ்ரத் முன்னால் பேச்சு. கல்யாணமா, பிள்ளையா என்றிருக்கிறார் சைபுல்லா. தஹ்மீனா யோசிக்கக்கூட இல்லையாம், மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாளாம். அவள் தனியாக இருக்கும் வரை பிள்ளை அவளிடம் இருக்கலாம் என்று முடிவு. இப்ராஹிம் வீட்டார், வம்புள்ள இடம் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

மகளை விட்டுவிட்டுப் போன பழைய புருஷன், சைபுல்லாவின் அந்தத் தம்பி மட்டும் எதையும் விட வேண்டியதில்லை. அவன் அடுத்த கல்யாணமும் முடித்துக்கொண்டு மலேசியாவில் இருக்கிறான். அவனிடம் யார் போய்க் கேட்டார்கள், கல்யாணமா பிள்ளையா என்று?

பிப்ரவரி 12, புதன்

தஹ்மீனாவிடமிருந்து போன். திட்டட்டும், நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கட்டும் என்றுதான் எடுத்தேன்.

"அக்கா, இதை எப்படி அழிக்கிறது?"

எனக்குப் புரியவில்லை. "படத்தை அப்பவே அழிச்சுட்டேம்மா" என்றேன்.

"படம் இல்ல. கையில இருக்கிறது. பால் வாங்கப் போனாக்கூட எல்லாரும் கையையே பாக்குறாங்க."

எலுமிச்சம்பழம், சோடா உப்பு என்று என்னவோ உளறினேன். எதைப் போட்டாலும் சரியாகப் போகாது என்று எனக்குத் தெரியாதா? கிராம்பு எண்ணெயை நான்தானே ஊற்றினேன்.

பிப்ரவரி 15, சனி

மனசு கேட்காமல் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். தஹ்மீனா கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் போட்டு, சுத்தமான பாத்திரத்தையே மறுபடி மறுபடி. கை அங்கங்கே தோல் உரிந்திருந்தது. சிவப்பு போகவில்லை.

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் போனேன். அழுகைதான் வந்தது. அவள் அழவில்லை.

"முகத்தை மறைச்சீங்கக்கா. வாசலைக் காட்டிட்டீங்களே" என்றாள். அவ்வளவுதான். பிறகு டீ குடிக்கிறீங்களா என்று கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 21, வெள்ளி

இந்த வாரம் ஒருத்தரும் கூப்பிடவில்லை. பேசி வைத்திருந்த கல்யாணங்களும் "பொறவு சொல்றோம்" என்றுவிட்டன. சந்தையில் என் காதுபடவே ஒருத்தி சொன்னாள், "ஷமாட்ட கையைக் கொடுத்தா வீடு மேப்ல வந்துரும்." பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். சிரிக்கிற மாதிரிதான் இருக்கிறது.

பிப்ரவரி 26, புதன்

கல்யாண வீடுகளிலிருந்து போட்ட அத்தனை படத்தையும் எடுத்துவிட்டேன். ஆப்பையும் தூக்கிவிட்டேன். மேப்பில் கடை மட்டும் இருக்கட்டும், என்னைத் தேடுகிறவர்கள் என்னைக் கண்டுபிடித்தால் போதும். சான்ட்ரா சண்டைக்கு வந்தாள். "ஒண்ணு தப்பாச்சுன்னு எல்லாத்தையும் அழிப்பியா?" அவளிடம் கோபமில்லை.

அஸாரிடம் முழுதாகச் சொன்னேன். "பெருநாள் வரைக்கும் பாரு" என்றார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 14, வெள்ளி

நோன்பு. கடை திறந்தேன், மூடினேன்.

மார்ச் 30, ஞாயிறு

பிறை தெரிந்துவிட்டது, நாளை பெருநாள்.

இன்றைக்காவது யாராவது வருவார்கள் என்று சாயந்திரம் அஸர் தொழுகை நேரத்துக்கே கடையைத் திறந்தேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். வந்தவர்கள் பெரும்பாலும் தூரத்து ஊர்க்காரர்கள், மேப் பார்த்து வந்தவர்கள். நம் தெருக்காரர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

நோன்பு திறந்த பிறகு கதவு திறந்தது. நிஸ்மா. பின்னால் தஹ்மீனா.

எழுந்து நின்றுவிட்டேன். உட்காரச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. தஹ்மீனாதான், "இவ உங்கட்டதான் போடணும்னு ஒரே அழுகை" என்றாள். கறுப்புக் கையுறை போட்டிருந்தாள். முன்பெல்லாம் அவள் கையுறை போட்டுப் பார்த்ததில்லை.

சின்னக் கைக்கு எவ்வளவு நேரம் எடுக்கலாமோ அவ்வளவு நேரம் எடுத்தேன். கிராம்பு எண்ணெய் சேர்க்காத கோன்தான் எடுத்தேன். கடைக்கு வெளியே தெரியாதவர்கள் யாரோ படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் எழுந்து திரையை இழுத்து விட்டேன். தஹ்மீனா அதைப் பார்த்தாள்.

முடித்ததும் நிஸ்மா கையை விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்டது. "அக்கா, அம்மா கைக்கும் போடுங்க. அன்னிக்கு மாதிரி ரெண்டு பேர் கையும் சேத்து போட்டோ எடுக்கலாம்."

தஹ்மீனா ஒரு கையுறையைக் கழற்றினாள். உள்ளங்கை வெளுத்துப் பழையபடி ஆகியிருந்தது. நகங்களில் மட்டும் பாதிக்கு மேல் அதே சிவப்பு. நகம் வளர்ந்து வெட்டுகிற வரைக்கும் அது போகாது.

மகளின் நெற்றியில் விழுந்த முடியை அந்தக் கையால் ஒதுக்கிவிட்டாள்.

"அம்மாவுக்குப் பழசே இன்னும் போகலடா" என்றாள்.