மூன்று கும்பிடு

நாள் 212. காலை 9.10
காற்று நிலையம், செவ்வாய்க் கிரகம். எழுதுவது தலைமைப் பொறியாளர் சந்தனமாரி. அழுத்தம் சரி. ஆக்சிஜன் உற்பத்தி சரி. ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குடியிருப்பில் நாற்பத்தொரு பேர், என் கணவர் இசக்கியப்பனும் சேர்த்து. அங்கே கரியமில வாயு 0.3 சதவீதம். அதுவும் சரி. இங்கே நான் ஒருத்தி மட்டும்.

சரியில்லாதது ‘ஊர்ப்பாடம்’தான். எல்லாருக்கும் எல்லா வேலையும் தெரியவேண்டும் என்று குடியிருப்பில் இருக்கும் ஜெபக்கனி தொடங்கிய இணைய வகுப்பு. யார் வேண்டுமானாலும் பாடம் எழுதலாம். மூன்று பேர் ஒப்புக்கொண்டால் அந்தப் பாடம் அந்தந்த இயந்திரத்தின் திரையில் ஏறிவிடும். இன்று வந்த செய்திகள் 117. அதில் தொண்ணூறு, பூப்படம் போட்ட காலை வணக்கம். செவ்வாய்க்கு வந்தும் இந்த வியாதி விடவில்லை.

நாள் 214. மாலை 4.30
பாடம் 63: ‘வடிகட்டியை வெந்நீரில் கழுவுவது எப்படி?’ எழுதியவர் சமையற்கூடத்து ஞானதுரை. குடியிருப்பில் வடிகட்டிகள் மூன்று. உள்ளே இருக்கும் வெள்ளைத் துகள்தான் நாம் வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்சுகிறது. தண்ணீர் பட்டால் களியாகி இறுகிவிடும், அப்புறம் எதையும் உறிஞ்சாது. இதைச் சொல்லி இரண்டு முறை திருத்தினேன். இரண்டு முறையும் அழித்துவிட்டு எழுதுகிறார்:

“யக்கா, அடுப்படி புகைபோக்கி வலைய மாசாமாசம் நாந்தான் கழுவுதேன். ஒண்ணும் ஆவலியே. இதும் அதே சங்கதிதான்.”

இந்த ஆளிடம் என்ன பேச? பாடத்துக்குக் கீழே பெரிதாக ஒரு கும்பிடு படம் போட்டேன். ‘சாமி, ஆளை விடு’ என்று அர்த்தம். தமிழ் தெரிந்த எவருக்கும் புரியும். பிறகு ஊர்ப்பாடத்தைவிட்டே வெளியேறினேன். இருநூறு நாளில் இன்றுதான் நிம்மதியாகக் காப்பி குடித்தேன்.

நாள் 219. காலை 7.40
புழுதிப் புயல். குரல் இணைப்பு போய்விட்டது. எழுத்து மட்டும் போகும், அதுவும் ஊர்ப்பாடம் வழியாக. வண்டி குடியிருப்பில் நிற்கிறது. புயல் அடங்கும்வரை நிலையக் கதவும் பூட்டிக்கொள்ளும்.

குடியிருப்பில் கரியமில வாயு 1.1. முதல் வடிகட்டி உறிஞ்சவில்லை. கழுவியிருக்கிறார்கள். முட்டாள்கள்.

எச்சரிக்கலாம் என்று போனால், வெளியேறியவரை மறுபடி சேர்க்க அங்கிருந்து ஒருவர் அனுமதிக்க வேண்டுமாம். விண்ணப்பித்திருக்கிறேன்.

முற்பகல் 11.20
இப்போதுதான் சேர்த்தார்கள். 1.9.

பாடம் 63 பச்சைக் கோட்டோடு நிற்கிறது. ‘மூவர் ஒப்புதல் பெற்றது. முதல் ஒப்புதல்: தலைமைப் பொறியாளர் சந்தனமாரி.’

என் கும்பிடு. ஊர்ப்பாடக் கருவி அதை ஒப்புதல் என்று எண்ணியிருக்கிறது. எந்த மடையன் வைத்த விதி இது என்று பழைய செய்திகளைத் தோண்டினேன். நாள் 30, ஜெபக்கனி: “யக்கா, கட்டைவிரல் படத்த இங்க யாரும் போடுறதில்ல. எல்லாரும் கும்பிடுதான் போடுதாங்க. அதையே ஒப்புதலா வச்சிக்கிடுவோமா?”

கீழே என் பதில்: ‘சரி.’ அவள் கேட்டதைப் படிக்காமலே போட்ட சரி.

பிற்பகல் 12.15
‘கழுவாதீர்கள், துகள் இறுகிவிடும்’ என்று திருத்தம் எழுதினேன். கருவி சொல்கிறது: ‘மூவர் ஒப்புதல் வரும்வரை இயந்திரத் திரையில் காட்டப்படாது.’ பொது அரட்டையிலும் எழுதினேன். கைபேசியைப் பார்க்க அங்கே ஆளில்லை. வடிகட்டித் திரையின் முன்னால் நிற்கிறார்கள். அதில் பாடம் 63 மட்டும்தான் தெரியும்.

அந்தத் திரையிலிருந்து ஜெபக்கனி: “யக்கா, தல பொளக்கு. பாதிப் பேரு படுத்தாச்சு. நீங்க ஒப்புக்கிட்ட பாடம்ங்கிற தைரியத்துல, அழுக்கு அடச்சிருக்கும்னு ரெண்டாவதையும் கழுவிட்டோம்.”

வேண்டாம் என்று பதினாறு முறை அனுப்பினேன். பதினாறும் ஒப்புதலுக்குக் காத்திருக்கின்றன.

பிற்பகல் 1.50
4.6. என் கணவரிடமிருந்து:

“மாரி, மூணாவத நானே கழுவினேன். அந்த ஞானதுரை சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டேன். ஒம்பேரு போட்டிருந்துச்சு, அதான். கண்ணு இருட்டுது. நீ சாப்பிட்டியா?”

திரையைக் குத்தினேன். கை உடைந்திருக்கலாம். ஞானதுரையைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. பாவம், அந்த ஆள் தெரியாமல் செய்தார். நான் தெரிந்தே கும்பிட்டுவிட்டு வந்தவள். பேச அலுத்துப்போய்.

பிற்பகல் 3.05
8.2.

மூன்று செய்திகள். எதிலும் எழுத்தில்லை. ஜெபக்கனி, ஒரு கும்பிடு. ஞானதுரை, ஒரு கும்பிடு. இசக்கியப்பன், ஒன்று. விடைபெறுகிறார்களா, காப்பாற்று என்கிறார்களா, தெரியவில்லை. ஊர்ப்பாடப் பக்கத்தில் கடைசியாக இருந்தது என் திருத்தம். மூன்றும் அதன்மேல் விழுந்தன.

கருவி: ‘வாழ்த்துகள்! உங்கள் திருத்தம் மூவர் ஒப்புதல் பெற்றது. எல்லாத் திரைகளிலும் ஏறிவிட்டது.’

அதைப் படிக்க இப்போது யாரும் நிற்கவில்லை.

கதவுப் பூட்டை உடைத்துவிட்டேன். உடையில் நாலு மணி நேரக் காற்று இருக்கிறது. புழுதியில் வழி தெரியாது, குடியிருப்புக்கு நடக்கப் போகிறேன். இதைக் கண்டெடுப்பவர்களே, பாடம் 63இல் என் பெயரை அழிக்காதீர்கள். அது அப்படியே இருக்கட்டும். அதன் கீழே என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், திட்டுங்கள். தயவுசெய்து யாரும் கும்பிடு மட்டும் போட்டுவிடாதீர்கள்.