பதினெட்டு முடிந்த மறுநாள்

இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சட்டமன்ற உறுப்பினர் வைத்த பிறந்தநாள் விருந்தை நான் கெடுத்துவிட்டேன் என்று மில்லர்புரத்தில் பேசிக்கொள்கிறார்கள். கெடுக்கவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் வாய் திறந்தேன். அந்த ஒழுங்கு உன்னுடையது. அன்று உடுத்திய சேலையைத் துவைத்தும் பிரியாணி வாசம் போகவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

அரசுப் பெண்பிள்ளைகள் இல்லத்துக்கு நீ கண்காணிப்பாளராக இருந்த காலத்தில், பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் சோறு போட வருகிறவர்கள் முதலில் படம் எடுக்கத்தான் நிற்பார்கள். இலையில் சோறு ஆறும். "முதல்ல பிள்ளைங்க சாப்பிடட்டும்" என்று கேமராவை மறித்து நிற்பாய். என் கணவரின் ஆண்டு நினைவுக்கு நான் வந்தபோதும் அதே சட்டம்தான். கான்வென்டில் ஒரே பெஞ்சில் இருந்தவள் என்ற சலுகை எனக்குக் கிடைக்கவில்லை. அன்று கேட்டாய்: "ஏளா, சோறு போட ஆள் வருது. பதினெட்டு முடிஞ்ச மறுநா யாரு வருவா?"

யாரும் வரவில்லை. வயது நிறைந்து வெளியேறிய பிள்ளைகளை, துறைமுகத்து அலுவலகங்களிலோ மீன் கம்பெனியிலோ வேலை கிடைக்கும்வரை உன் வீட்டு முன்னறையில் தங்கவைத்தாய். அதைப் பாராட்டினால் உனக்குப் பிடிக்காது. "என் வீடு என்ன அரசாங்கமா?" என்பாய். நீ கண்மூடிய பிறகு உன் மகன் அந்த அறையைக் கூரியர்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டான். அவன் வீடு; குறை சொல்ல மாட்டேன்.

விருந்தன்று நன்றி சொல்லச் செல்வி என்ற பெண்ணை நிறுத்தினார்கள். அடுத்த மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது என்று தெரிந்ததும், "அப்ப கல்யாணச் சோறு எப்பம்மா?" என்றார் உறுப்பினர். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கையிலிருந்த கேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிள்ளைகள் கை கழுவி வந்த பிறகு நான் உறுப்பினரிடம் கேட்டேன். "தம்பி, இவ அடுத்த மாசம் எங்க போவா?"

"அதெல்லாம் அதிகாரிங்க பாத்துக்கிடுவாங்க, பெரியம்மா."

"இந்தப் பிள்ளைங்களுக்கு அரசாங்கந்தான் தாய் தகப்பன். ஓட்டு வாங்கி அந்த அரசாங்கத்துக்காக இங்கன நிக்கது நீங்கதான. உங்க மகளுக்குப் பதினெட்டு முடிஞ்சா வாசல்ல விட்டுருவியளா?"

கூட வந்தவர் ஒருவர், அவ்வளவு அக்கறை இருந்தால் நானே கூட்டிக்கொண்டு போகலாமே என்றார். போவேன். என் வீட்டில் அறை இருக்கிறது. செல்வியிடம் சொல்லியும் விட்டேன். ஆனால் அது உன் முன்னறையைப் போலத்தான். எனக்குப் பிறகு அதையும் யாருக்காவது வாடகைக்கு விடுவார்கள். உறுப்பினர் "பாப்போம்" என்று சொல்லிக் காரில் ஏறினார்.

உன் கேள்வி இப்போது என்னிடம் இருக்கிறது. உன்னிடமிருந்து பதில் வரப்போவதில்லை. ஆகவே இதன் பிரதியை அவருக்கும் அனுப்புகிறேன். அவர் படிக்கவேண்டியது கடைசி வரி மட்டும்.

ஐயா, செல்விக்கும் அவளுக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளுக்கும் அரசு எந்த வீட்டைத் திறந்துவைக்கும் என்று எழுத்தில் பதில் தாருங்கள்.